மாடி அறை வெக்கைக்கு வீட்டை இடிக்க வேண்டுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மதுரையில் 1996-ல் கட்டிய வீடு. கீழே 900, மேலே 900 சதுர அடி, மேற்குப் பார்த்த வாசல். மேல்மாடியில் இரண்டு படுக்கையறை, இரண்டிலும் ஏசி. அப்படியும் சித்திரை, வைகாசியில் தூக்கமில்லை. கோடையில் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட் ஓடுகிறது. ஒரு காண்ட்ராக்டர் "இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள், 45 லட்சம் ஆகும்" என்கிறார். இன்னொருவர் இரட்டைக் கண்ணாடி யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல், ஃபால்ஸ் சீலிங், இரண்டு புது ஏசி, 3 கிலோவாட் சோலார் என்று 7 லட்சத்துக்குப் பட்டியல் போட்டிருக்கிறார். உங்கள் கையில் இருப்பது 4 லட்சம். செலவும் கட்டுப்படியாக வேண்டும், சுற்றுச்சூழலுக்கும் கெடுதல் கூடாது என்கிறீர்கள்.

இரண்டு பேர் சொன்னதையும் செய்ய வேண்டாம். உங்களிடம் உள்ள 4 லட்சமே போதும், அதிலும் மிச்சம் வரும். ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்ற வரிசை முக்கியம். பழைய வீடுகளைச் சீர்செய்யும் வேலையில் இருபது வருடம் இருந்ததில், வரிசை தப்பியதால் பணம் வீணான வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

இடிக்கும் யோசனையை முதலில் முடித்துவிடுவோம். 1,800 சதுர அடி வீடு கட்டுவதற்கு, நாங்கள் வழக்கமாகப் போடும் கணக்கில், சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட், 4 கிலோ கம்பி. அப்படியென்றால் 720 மூட்டை சிமென்ட், ஏழு டன்னுக்கு மேல் கம்பி, அதோடு சுமார் 30,000 செங்கல். சிமென்ட் ஆலையில் எரியும் நிலக்கரியின் புகை ஒரு பக்கம். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுவது இன்னொரு பக்கம், பாதிக்கு மேல் அதுதான். சிமென்ட்டுக்கு 23 டன், கம்பிக்கு 16 டன், செங்கல் சூளைக்கு 12 டன் என்று தோராயமாகப் போட்டாலும் புது வீடு குடிபோகும் முன்பே 50 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிவிடுகிறது. உங்கள் வீட்டுக்கு வருடத்துக்கு 3,600 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்றால், வருடத்துக்கு இரண்டரை டன். புது வீடு பாதி மின்சாரத்தில் ஓடினாலும், கட்டும்போது விட்ட புகையை ஈடுகட்ட 40 வருடம் வேண்டும். இடித்த காரையும் செங்கல்லும் எங்கே போகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். கட்டட இடிபாடுகளுக்கென்று 2016-லேயே மத்திய அரசின் விதிகள் வந்துவிட்டன. ஆனாலும் மதுரையைச் சுற்றி எந்தக் கண்மாய்க் கரையிலும் போய்ப் பாருங்கள், டிராக்டர் டிராக்டராகக் கொட்டிக் கிடக்கும்.

அஸ்திவாரம் இறங்கியிருந்தாலோ, தூண்களில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழுந்தாலோ அது வேறு விஷயம். அதற்கு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துக் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். வெக்கைக்காக ஒரு வீட்டை இடிக்கவே கூடாது.

சரி, வெக்கை எங்கிருந்து வருகிறது? இணையத்தில் வீடு சீரமைப்பு பற்றி வரும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளில் எழுதியவை. அங்கே வீட்டுக்குள் இருக்கும் சூடு வெளியே போய்விடக் கூடாது என்பது கவலை. அதனால்தான் இரட்டைக் கண்ணாடி, சுவருக்குப் போர்வை, இடுக்கெல்லாம் அடைப்பு என்று போகிறார்கள். நமக்குச் சூரியன் தலைக்கு மேல். மதுரையில் ஏப்ரல் நடுவில் ஒரு நாள், நண்பகலில் நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு நாளும் அப்படித்தான். இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் உள்ள மாதங்களில் சூரியன் நமக்குச் சற்று வடக்கே சாய்ந்து போகிறது. ஆகவே கடுங்கோடையில் தெற்குச் சுவரில் நேர் வெயில் விழுவதே இல்லை. கிழக்கிலும் மேற்கிலும் பாதி நாள் அடிக்கிறது. மொட்டை மாடியில் மட்டும் விடிந்ததிலிருந்து அடைகிறவரை ஓயாமல் விழுகிறது.

உங்கள் 900 சதுர அடி மாடியில் நண்பகலில் விழும் வெயில் ஏறக்குறைய 80 கிலோவாட். குளியலறையில் மாட்டுகிற 2 கிலோவாட் கீசரை நாற்பது எண்ணிக்கையில் மாடியில் பரப்பி எரியவிட்டதற்குச் சமம். அதில் பெரும்பகுதி காற்றோடும் வானத்தோடும் திரும்பிவிடும். கான்கிரீட் வழியாக உள்ளே இறங்குவது சதுர மீட்டருக்கு 60 வாட் என்று வைத்தால்கூட மொத்தம் 5 கிலோவாட். ஒரு டன் ஏசி எடுத்து வெளியே தள்ளும் சூடு 3.5 கிலோவாட். (ஒரு டன் பனிக்கட்டியை ஒரே நாளில் உருக்கும் சூட்டைத்தான் அந்தக் காலத்தில் 'ஒரு டன்' என்று அளந்தார்கள். அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.) அப்படிப் பார்த்தால் உங்கள் மாடி வழியாக இறங்கும் சூட்டை எடுக்க மட்டுமே ஒன்றரை டன் ஏசி ஒன்று முழுநேரமும் ஓட வேண்டியிருக்கிறது.

ஐந்து அங்குலக் கான்கிரீட் சூட்டை உடனே விடாது. பகல் முழுவதும் குடித்து வைத்துக்கொண்டு, மூன்று நான்கு மணி நேரம் கழித்து அடிப்பக்கமாக விடும். இன்று இரவு ஒன்பது மணிக்கு ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, மாடிப் படுக்கையறை சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டது போல இருக்கும். பிறகு கீழ்த்தளத்து சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. நீங்கள் கட்டிலில் படுத்திருக்கும்போது அந்த நெற்றிச் சூடுதான் உங்கள்மேல் இறங்குகிறது. ஏசி காற்றைக் குளிர்விக்கிறது, தளத்தை அல்ல. அணைத்த பத்து நிமிடத்தில் மறுபடி புழுங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே முதல் செலவு மொட்டை மாடிக்கு. மாடியிலும் முதல் வேலை வாட்டம் (நீர் வழிந்தோடும் சரிவு), ஒழுகல், விரிசல். 1996-ல் கட்டிய வீடு என்பதால் மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து தளம் போட்டு, அதன்மேல் தட்டோடு என்கிற தட்டையான சுட்ட மண் ஓட்டைப் பதித்திருப்பார்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மழைநீர்க் குழாயைப் பார்த்து ஓடினால் வாட்டம் சரி. நடுவில் குட்டை கட்டினால் அந்த இடத்தை மட்டும் கொத்திச் சரிசெய்ய வேண்டும். தட்டோட்டு இடுக்குகளைச் சுரண்டிப் புதுக்கலவை அடைத்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை வளைவாக உருட்டிப் பூசச் சொல்லுங்கள். நீர் முதலில் இறங்குவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். பழைய தளம் உறுதியாக இருந்தால் பெயர்த்தெடுக்க விடாதீர்கள். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசாப் போட்டாத்தான் சார் கேரண்டி" என்று ஒரு மேஸ்திரி நிச்சயம் சொல்வார். மூன்று அங்குலச் சுண்ணாம்புத் தளம் உங்கள் மாடியில் பத்து டன்னுக்கு மேல் இருக்கும். அத்தனையையும் கொத்தி இறக்கி, வண்டி பிடித்துக் கொட்டி, புதிதாக அத்தனை சரக்கு ஏற்றுவதில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. அந்தச் சுண்ணாம்பு நன்றாக இறுகி, பக்குவப்பட்டுக் கிடக்கிறது. இருக்கட்டும்.

இந்த வேலையைத் தள்ளிப்போட்டு நான் ஒரு தடவை பட்டிருக்கிறேன். என் அக்கா வீட்டில் கோடை நெருங்கிவிட்டது என்ற அவசரத்தில், வாட்டம் பார்க்காமல் நேரே வெள்ளைப் பெயின்ட் அடித்தோம். அந்த ஐப்பசி மழையிலேயே நீர் நின்ற இடத்திலெல்லாம் அப்பளமாக உரிந்து வந்துவிட்டது. செலவழித்த பணம் போனதுகூடப் பெரிதில்லை. "இந்த வெள்ளையடிக்கிறதெல்லாம் சும்மா" என்று தெருவே முடிவுகட்டியதுதான் எனக்கு வருத்தம்.

இனி வெள்ளை. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைந்த செலவில் இதைவிடப் பலன் தரும் வேலை நம் ஊரில் இல்லை. பழைய கான்கிரீட்டோ அழுக்கேறிய தட்டோடோ விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். நல்ல வெள்ளை முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். இதை யாருக்கும் வாதாடிப் புரியவைக்க நான் முயல்வதில்லை. மாடியில் பாதியை மட்டும் அடித்துவிட்டு, அடுத்த நாள் மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்காரரைச் செருப்பைக் கழற்றச் சொல்வேன். அடிக்காத பக்கத்தில் ஐந்து எண்ணுவதற்குள் துள்ளிக் குதித்துவிடுவார். வெள்ளைப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம். கண் கூசும், அவ்வளவுதான்.

எதை அடிப்பது? கடையில் 'கூல் ரூஃப்' என்று விற்கும் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால், நான் பார்க்கும் விலையில் கூலியோடு சதுர அடிக்கு 25-லிருந்து 40 ரூபாய். அது கட்டாது என்றால் கிளிஞ்சல் சுண்ணாம்பு, அதில் ஃபெவிகால் மாதிரி ஒரு பிடிமானம் கலந்து அடிக்கலாம். ஐந்தாறு ரூபாயில் முடியும், ஆனால் ஒவ்வொரு கோடைக்கும் அடிக்க வேண்டும். எது அடித்தாலும் தூசி படியப் படிய வெண்மை குறையும். மாசிக் கடைசியில் ஒரு நாள் துடைப்பம் போட்டுக் கழுவிவிட்டால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும். யாரும் செய்வதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். இது தனிமனிதர் செய்யும் கைவைத்தியம் மட்டுமில்லை. தெலங்கானா அரசு 2023-ல் கூல் ரூஃபுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்திருக்கிறது.

வெள்ளை போதுமா, மேலே தெர்மாகோல் மாதிரி தடுப்பும் வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம், அதாவது ஏசி பெட்டியில் நட்சத்திரம் ஒட்டுகிற பீ.இ.இ., வீடுகளுக்காக 2018-ல் ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தது. கூரை வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் சூடு இறங்கக் கூடாது என்பது அதன் அளவு. வெறும் ஐந்து அங்குலக் கான்கிரீட்டில் இது 3.7 வரை இருக்கும். அதன்மேல் ஒரு அங்குல எக்ஸ்பிஎஸ் என்ற நுரைப் பலகை வைத்தால் 0.9-க்கு வந்துவிடும். இரண்டு அங்குலம் வைத்தால் 0.5. முதல் அங்குலம் முக்கால் பங்கைத் தடுத்துவிடுகிறது, இரண்டாவது அங்குலத்துக்குத் தடுக்க மிச்சம் அதிகமில்லை. விற்பவர் எப்போதும் தடிமனானதைத்தான் காட்டுவார். உங்களுக்கு ஒரு அங்குலம் போதும்.

அதையும் மாடி முழுவதும் போட வேண்டாம் என்பது என் கருத்து. ஏசி போடாத ஹாலும் சமையலறையும் இரவில் திறந்த வானத்தைப் பார்த்துத் தம் சூட்டைக் கழிக்கின்றன. தடுப்புப் பலகை பகலில் சூட்டை உள்ளே விடாதது போலவே இரவில் வெளியேயும் விடாது. ஃபேன் காற்றில் இருக்கிற அறைக்கு வெள்ளை மட்டும் இருப்பதே நல்லது. பகலில் ஏறுவதும் குறைவு, இரவில் இறங்குவதற்கும் தடையில்லை. ஏசி போடும் அறையில் கதை வேறு, அங்கே குளிரைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே இரண்டு படுக்கையறைகளின் தலைக்கு மேல் மட்டும், ஒரு 300 சதுர அடிக்குப் பலகை வைத்து, வலை போட்டு மெல்லிய கான்கிரீட் கொடுத்து, வெள்ளை டைல் பதிக்கச் சொல்லுங்கள். சதுர அடிக்கு 200 ரூபாய் என்றால் 60,000. எக்ஸ்பிஎஸ் பெட்ரோலியத்திலிருந்து வரும் பிளாஸ்டிக் நுரை என்பதையும் மறக்கக் கூடாது. எங்கே தேவையோ அங்கே, தேவையான அளவுக்கு வாங்குவதுதான் அதற்கும் நல்லது. பழைய முறையில் சின்ன மண்கலயங்களை நெருக்கமாகக் கவிழ்த்து, இடையில் கலவை நிரப்புவதும் உண்டு. குயவர் பக்கத்தில் இருந்து, பொறுமையான கொத்தனாரும் கிடைத்தால் எனக்கு அதுதான் பிடிக்கும். மண்பாண்டத்துக்குப் பெயர்போன மானாமதுரை உங்களுக்கு அப்படியொன்றும் தூரமில்லை.

ஃபால்ஸ் சீலிங்கை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது இதற்குள் புரிந்திருக்கும். அது தளத்தைச் சுடவிட்டு, அடியில் ஒரு திரை கட்டுகிறது. தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்கி விரிசல் விடுவது நிற்காது. ஒழுகினாலும் பல மாதம் கண்ணுக்குத் தெரியாது. அடுக்குமாடியில் மேல்தளத்தில் இருந்துகொண்டு, மாடியைத் தொட அசோசியேஷன் விடவில்லை என்பவருக்குத்தான் அது கடைசி வழி.

மாடித்தோட்டம் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தொட்டியில் வைக்கலாம், உத்தரம் ஓடும் இடமாகப் பார்த்து. தளம் முழுவதும் அரை அடி மண் நிரப்பினால் மழையில் நனைந்தபின் சதுர மீட்டருக்கு 250 கிலோவுக்கு மேல் நிற்கும். 1996 தளத்துக்கு அந்தக் கணக்கு போட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது மேற்குச் சுவர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மாலை நாலு மணி வெயிலை ஆறு ஏழு மணி நேரம் கழித்து உள்ளே தருகிறது. சரியாக நீங்கள் படுக்கிற நேரம். வெயில் சுவரைத் தொடும் முன்பே மறிக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுவது, உள்ளே கனமான திரைச்சீலை போடுவதைவிடப் பல மடங்கு மேல். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரை மறித்தாலும் சூடு அறைக்குள்தானே இருக்கிறது? சுவரிலிருந்து ஓரடி தள்ளி இரும்புச் சட்டம் அடித்து ரங்கூன் மல்லியை ஏற்றிவிடலாம், இரண்டு வருடத்தில் மூடிவிடும். வாசலில் இடம் இருந்தால் ஒரு புங்கன்கன்று, அஸ்திவாரத்திலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள். நாம் இலைநிழலை எதிர்பார்க்கும் கோடை உச்சத்தில் அது தளிர்விட்டு நிறைந்து நிற்கும். வெட்டிவேர் தட்டியில் தண்ணீர் தெளிப்பது மதுரை, திருச்சி, வேலூர் வறண்ட வெயிலுக்கு அருமை. சென்னைக் கடற்காற்றில் இருக்கிற ஈரத்தோடு மேலும் ஈரம் சேர்ந்து பிசுபிசுப்புதான் மிஞ்சும். ஏர்கூலருக்கும் அதே விதி.

இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள் என்றீர்கள். இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்கிற வீட்டில் அந்த இரண்டாவது கண்ணாடி என்ன செய்யும்? உங்கள் தேக்கு ஜன்னல்கள் இன்னும் ஐம்பது வருடம் உழைக்கும். ஏசி அறைகளில் மட்டும் கதவு, ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகாது.

இப்போது ஃபேன். நம் வீடுகளில் மார்கழி தவிர பதினோரு மாதமும் சுற்றும் பொருள் இது ஒன்றுதான். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்ற சிக்கன மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட். ஆறு ஃபேன், ஒவ்வொன்றும் நாளைக்குப் பத்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 160 யூனிட் குறையும். விலை ஆறுக்கும் சேர்த்து 18,000. ஏழு லட்சப் பட்டியல் போட்டவர் இதை எழுதவே இல்லை என்பதைக் கவனித்தேன்.

இந்த 160 யூனிட்டின் மதிப்பு வெறும் 160 யூனிட் இல்லை. நம் ஈபியின் 2024 கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு பள்ளம். அதைத் தாண்டினால், 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலை போய்விடுகிறது. 500-க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல் ஏறுகிறது. 720 யூனிட்டுக்கு நீங்கள் கட்டுவது ஏறக்குறைய 4,000 ரூபாய். ஃபேனில் 160, மாடி குளிர்ந்ததால் ஏசியில் 80 குறைந்து 480-க்கு வந்துவிட்டால் சுமார் 1,700 ரூபாய்தான். மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் பில்லில் பாதிக்கு மேல் குறைகிறது. எந்தச் செலவையும் இந்த 500 என்ற கோட்டை மனதில் வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மாடி, ஃபேன் வேலைகளுக்கான பொருட்களைச் செய்ததில் எழும் கரியமில வாயுவும் என் கணக்கில் ஒரு டன்னை ஒட்டித்தான் வரும். மிச்சமாகும் மின்சாரம் அதை இரண்டு வருடத்துக்குள் அடைத்துவிடும். இடித்துக் கட்டினால் 40 வருடம் என்று மேலே சொன்னேனே, அதை இதோடு வைத்துப் பாருங்கள்.

ஏசியை இப்போது மாற்ற வேண்டாம். மாடி வேலை முடிந்து ஒரு கோடை போகட்டும். அந்த அறைக்கு ஒன்றரை டன்னே தேவையில்லை, ஒரு டன் போதும் என்று அப்போது தெரியவரும். முன்கூட்டி வாங்கிவிட்டால் பெரிய மிஷினுக்குக் கூடுதல் விலை கொடுத்தவராவீர்கள். அதுவரை 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் சுற்றவிடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் மிச்சம் என்பது பீ.இ.இ. சொல்லும் கணக்கு.

ஏசியைக் கழற்றும் நாளில் ஒரு விஷயத்துக்கு நீங்களே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். சில வருடம் முந்தைய ஏசிகளில் ஆர்-410ஏ என்ற வாயு இருக்கும். அது ஒரு கிலோ காற்றில் கலந்தால் 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்து வைக்கும். உங்கள் வீடு ஒரு வருடம் முழுக்க எரிக்கும் மின்சாரத்தின் புகை இரண்டரை டன் என்று பார்த்தோம். கழற்ற வருகிற பையன் அவசரத்தில் ஸ்பேனரை ஒரு திருகு திருகி 'புஸ்'ஸென்று விட்டால், ஒரு நிமிடத்தில் கிட்டத்தட்ட அத்தனையும் போய்விடும். "பம்ப் டவுன் பண்ணிட்டுக் கழட்டுங்க தம்பி" என்று சொல்லுங்கள். மிஷினை ஓடவிட்டு, ஒரு வால்வை மூடி, வாயுவை வெளி யூனிட்டுக்குள் இழுத்து, அடுத்த வால்வையும் பூட்டுவதுதான் பம்ப் டவுன். ஐந்து நிமிட வேலை. தெரியாத மெக்கானிக் கிடையாது, கேட்கிற வீட்டுக்காரர்தான் குறைவு. புதிதாக வாங்கும்போது ஆர்-32 அல்லது ஆர்-290 உள்ளதாகப் பாருங்கள். ஆர்-32 இதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆர்-290 கணக்கில் எடுக்கவே தேவையில்லாத அளவு.

சோலாரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும். 720 யூனிட்டுக்கு 3 கிலோவாட் வேண்டும், 480-க்கு 2 போதும். 2024-ல் வந்த மத்திய அரசின் பிஎம் சூர்யா கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதற்கு 18,000 மட்டும். மேலே சொன்ன 2024 கட்டணப்படி முதல் நூறு யூனிட் எப்படியும் இலவசம், அடுத்த நூறு மலிவு. ஆகவே மூன்றாவது கிலோவாட் சம்பாதித்துக் கொடுப்பது மிகக் குறைவு. மானியம் போக 2 கிலோவாட்டுக்கு உங்கள் கையிலிருந்து 75,000-லிருந்து 85,000 வரை ஆகலாம். படுக்கையறைகளுக்கு மேலேயே நிறுத்தினால் பேனல் நிழலும் தளத்துக்குக் கிடைக்கும். ஆனால் ஸ்டாண்டின் கால்களை வாட்டர்புரூஃபிங் வேலை முடியும் முன்பே கட்டிவிட வேண்டும். பின்னால் வந்து டிரில் போட்டால் ஒழுகலை நாமே அழைத்து வந்தது போலாகும்.

கூட்டிப் பார்த்தால் வாட்டம், ஒழுகல் வேலைக்கு 45,000, வெள்ளைக்கு 30,000, பலகையும் டைலும் 60,000, மேற்குச் சுவர் நிழலுக்கு 30,000, ஃபேன் 18,000, சோலார் 80,000. இரண்டே முக்கால் லட்சத்துக்குள் நிற்கும். விலைவாசி ஊருக்கு ஊர் மாறும், அதனால் உங்கள் பகுதியில் மூன்று பேரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மிச்சப் பணத்தை ஏசி மாற்றும் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தை பிறந்ததும் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். அதற்குமுன் மழை தளத்தில் ஊறியிருக்கும், ஈரத்தின்மேல் எதை அடித்தாலும் நிற்காது. மாடியைச் சரிசெய்து முடித்ததும், பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்பு, ஓரத்தில் சிமென்ட் வரப்பு கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தச் சொல்லுங்கள். கீழே அறையில் எந்த மூலையிலும் ஓதம் தெரியவில்லை என்று உங்கள் கையாலேயே தடவிப் பார்த்த பிறகுதான் வெள்ளையடிக்கவும், கூலியில் பாக்கியைக் கொடுக்கவும் வேண்டும்.